சதுப்பில் எறிந்த கழுத்து

அண்ணனைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம்தான். அந்த வண்டியை நான் முதல் நாளிலிருந்தே திட்டிக்கொண்டிருந்தேன். சித்திரை மாதத்துச் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்போதுதான் உட்கார்ந்திருந்தோம். செய்தி கொண்டு வந்தவர் அந்த வண்டியைச் செய்தவரேதான். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் கிரில் பட்டறை வைத்திருந்த வெல்டர். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி, "அம்மா, பெரிய பேஜாராப் பூட்ச்சு" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சிட்லபாக்கத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எல்லா வீட்டுக்கும் கேட் வேண்டும், ஜன்னலுக்குக் கிரில் வேண்டும். வெல்டருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரும் அண்ணனும் இன்னும் சில பையன்களும் பட்டறையில் கூடிவிடுவார்கள். பழைய புல்லட்டுகளை அறுத்து சாப்பர் செய்வார்கள். முன்சக்கரம் இரண்டு முழம் தள்ளிப் போய் நிற்கும், ஹேண்டில்பார் தோளுக்கு மேல் எழும்பியிருக்கும், ஓட்டுகிறவர் ஈசிசேரில் சாய்ந்த மாதிரி காலை நீட்டிக்கொண்டு போவார். அதற்குப் பெயர்தான் சாப்பர்.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகையின் ஒற்றைப் பக்கம்தான் அவர்களுடைய வேதம். படத்தில் வண்டியின் இடது பக்கம் மட்டும்தான் தெரியும். வலது பக்கம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றி டீக்கடையில் அடித்துக்கொள்ளாத குறைதான். கடைசியில் கேட் போடுகிற குழாயை வளைத்து ஹேண்டில்பார் ஆயிற்று. முதுகுச் சாய்மானத்துக்கு யார் வீட்டு ஜன்னலுக்கோ செய்து மிஞ்சிய மயில்தோகை கிரில். "மயில் வாகனமாடா இது?" என்று கேட்டேன். அண்ணன் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

அறுபட்டது அப்பாவின் புல்லட். அப்பா போன பிறகு அண்ணன் பெயருக்கு மாற்றிய வண்டி. ஹேண்டில்பார் சொருகும் குழாயைக் கழுத்து என்பார்கள். சக்கரத்தை முன்னால் தள்ள வேண்டுமென்றால் அந்தக் கழுத்தை அறுத்து எடுத்துவிட்டு, வேறொன்றைச் சாய்த்துப் பற்ற வைக்க வேண்டும். வெல்டர் முதன்முதலில் கழுத்தறுத்த வண்டியை ஓட்டிய பையன் கீழே விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். அந்த வண்டியின் பழைய கழுத்தைக் கொண்டுபோய் எறிந்ததிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வண்டி முதல் முறை உருளுவதற்கு முன்னால், அறுத்த கழுத்தை ஓட்டப்போகிறவன் தலையை மூன்று முறை சுற்றி, பள்ளிக்கரணைச் சதுப்பில் வீசிவிட வேண்டும். எறிந்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. அவர் கழுத்தில் சிலுவை தொங்கியது. திருஷ்டிக்கு அதெல்லாம் கணக்கில்லை. அந்த வண்டி விஷயத்தில் அம்மாவுக்குப் பிடித்த ஒரே சங்கதி இதுதான். அன்று கூடவே போய்க் கரையில் நின்றுவிட்டு வந்தாள்.

இத்தனை பேரும் சேர்ந்து ஒன்றை மறந்திருந்தார்கள். வண்டியின் உடம்புக்கான சேஸிஸ் நம்பர் அந்தக் கழுத்தில்தான் அடித்திருந்தது.

அந்த மாதம் எங்கள் பக்கத்தில் வண்டிகள் தொடர்ந்து காணாமல் போய்க்கொண்டிருந்தன. அன்று காலையில் சப்-இன்ஸ்பெக்டர் அண்ணனை நிறுத்தியிருக்கிறார். ஆர்.சி. புக்கைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி முழுக்கத் தடவிப் பார்த்திருக்கிறார். என்ஜின் நம்பர் சரி. மற்ற நம்பர் எங்கேயும் இல்லை. திருட்டு என்ஜினுக்கு ஒரு பொய் உடம்பு, அல்லது திருட்டு உடம்புக்கு ஒரு நல்ல என்ஜின். அவர் வேறென்ன நினைப்பார்?

"பொழுது சாயறதுக்குள்ள அந்த நம்பரைக் கொண்டாந்து காட்டணுமாம்," என்றார் வெல்டர். "இல்லாங்காட்டி திருட்டு வண்டின்னு கேஸ் எழுதிடுவாராம்."

அண்ணனுக்கு அரசாங்கப் பணிமனை ஒன்றில் வேலை கிடைத்து, போலீஸ் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி. அதற்காக நாங்கள் மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காத்திருந்தோம். திருட்டு வழக்கு என்று ஒரு வரி ஏறினால் எல்லாம் போய்விடும்.

"அந்தக் கழுத்து இப்போ எங்கே அண்ணா?" என்று வெல்டரைக் கேட்டேன்.

"எங்க இருக்கும்? பள்ளிக்கரணைல, சேத்துக்குள்ள கீது."

"வாங்க, போய் எடுக்கலாம்."

"கூடாது," என்றாள் அம்மா. தட்டில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "கழிச்சதைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தா அவன் தலையிலதான் வந்து விழும்."

"இப்போ மட்டும் என்னம்மா விழுந்திருக்கு? பூவா?"

"ஜெயில்ல இருந்தாலும் என் புள்ளை உசுரோட இருப்பான்டி."

பதிலுக்கு ஏதோ கத்திவிட்டுக் கிளம்பினேன். என்ன கத்தினேன் என்பது இப்போது நினைவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

வெல்டரிடம் கிரில் ஏற்றிப் போகிற மீன்பாடி வண்டி ஒன்று இருந்தது. மூன்று சக்கர மிதிவண்டி, அதற்குப் பழைய மொபெட் என்ஜினை அவரே பொருத்தியிருந்தார். அதற்கு எந்த நம்பரும் கிடையாது. போலீசிடம் சிக்கியவனை மீட்க அதில்தான் கிளம்பினோம். பின்பலகையில் கம்பியைப் பிடித்தபடி நான். மேடவாக்கம் தாண்டிச் சதுப்போரம் வந்து நின்றோம்.

வெயிலில் சதுப்பு பாதிக்கு மேல் வற்றியிருந்தது. தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் கறுப்புச் சேறு, அதில் இடுப்பளவு கோரை. வெல்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"எந்த இடம் அண்ணா?"

"இங்கதாம்மா எங்கியோ. தூக்கிப் போட்ட கையோட எல்லாரும் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கினோமே. யார் பார்த்தது?"

வழக்கத்தை அத்தனை சுத்தமாகக் கடைப்பிடித்திருக்கிறார்கள் மடையர்கள்! புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நானும் இறங்கினேன். சேறு முழங்கால்வரை இழுத்தது. காலால் துழாவினோம், கோரையை விலக்கிக் கையால் துழாவினோம். ஒரு கழுத்து கிடைத்தது. வெல்டர் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது தொடை ஒடிஞ்ச பையனோடது" என்று சொல்லி மறுபடி எறிந்தார். அவசரத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை அறையலாம் போலிருந்தது. பொழுது இறங்கிக்கொண்டே வந்தது. இங்கே கோரைக்குள் நாங்கள், அங்கே பெஞ்சில் அண்ணன். அவன் எதற்கும் வாய்விட்டுக் கெஞ்சமாட்டான் என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ரோட்டில் பஸ் ஒன்று நின்று போனது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா நின்றிருந்தாள், கையைக் கழுவினாளோ இல்லையோ, வீட்டுப் புடவையோடு.

"அங்கே இல்லை," என்று கத்தினாள். "அந்த மதகுக்கு இந்தாண்டை. சாஞ்ச போஸ்டுக்கு நேரா."

வெல்டர் அப்படியே நின்றுவிட்டார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா, "நான் பார்த்தேன்" என்றாள். "தண்ணியில விழற சத்தமே வரலை. வெளியில விழுந்துடுச்சோன்னு பயந்து திரும்பிட்டேன். கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் திரும்பினேன். நான் பார்த்ததாலதான்டா இன்னிக்கு அவன் அங்கே உட்கார்ந்திருக்கான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை அவள் தினமும் ராத்திரி சாப்பிடாமல் இருந்ததெல்லாம் வண்டி மேல் உள்ள பயத்தினால் இல்லை. தன் கண் மேல் உள்ள பயத்தினால். இவளையா மதியம் அப்படிக் கத்தினேன் என்று நெஞ்சு எரிந்தது.

சாய்ந்த போஸ்டுக்கு நேராக, கோரையின் வேரில் அது சொருகிக்கொண்டிருந்தது. வெல்டர் பிடுங்கி எடுத்தார். துருவும் சேறுமாய் ஒரு சாண் இரும்பு. அதை வாங்க நான் கையை நீட்டினேன். அதற்குள் அம்மா செருப்போடு சேற்றில் இறங்கிவிட்டாள்.

"நீ தொடாதே. இவனும் தொட்டது போதும். என் கையில குடு. எடுத்தவங்க மேல வரும்னா எம்மேல வரட்டும்."

மீன்பாடி வண்டியில் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். குலுங்கியபோதுகூட ஒரு கையை எடுத்துக் கம்பியைப் பிடிக்கவில்லை. நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். காவல் நிலையத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே வெல்டர் வண்டியை ஓரங்கட்டினார். மீதித் தூரம் மூன்று பேரும் சேற்றுக்காலோடு ஓடினோம்.

விளக்குப் போட்டுவிட்டார்கள். அண்ணன் சுவரோரப் பெஞ்சில் இருந்தான். எங்களைப் பார்த்து எழுந்தான், ஒரு கான்ஸ்டபிள் தோளில் கைவைத்து உட்கார்த்தினார். சப்-இன்ஸ்பெக்டர் மேசையைக் காட்டி, "வைங்க இங்கே" என்றார்.

"வைக்க மாட்டேன் சார். நீங்களும் தொட வேணாம். என் கையில வச்சே பாருங்க."

"ஏன், என்ன இது?"

வெல்டர் விளக்கினார். திருஷ்டி என்ற சொல் வந்ததும், நீட்டிய கையை சப்-இன்ஸ்பெக்டர் மெதுவாக இழுத்துக்கொண்டார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் வரவழைத்தார். வெல்டர் தன் சட்டை முனையால் துடைக்க, அம்மாவின் உள்ளங்கையில் எண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டார். எல்லாம் ஒத்துப்போயிற்று. கடைசி எண்ணில் ரம்பம் ஓடியிருந்தது. வலது பாதி மட்டும் மிச்சம்.

"இது மூணா, எட்டா?"

புக்கில் எட்டு என்றிருந்தது. எங்களுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் சொல்வதற்கு அங்கே என்ன மதிப்பு? அவர் டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து அவள் முகத்தையும், தரையில் சொட்டிய சேற்றையும் பார்த்தார்.

"எட்டுதான்," என்றார். "கூட்டிட்டுப் போங்க. இதை வண்டியில பத்த வச்சு நாளைக்குக் கொண்டாந்து காட்டணும்."

வெளியே வந்ததும் அண்ணன், "குடும்மா" என்று கையை நீட்டினான். அம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கழித்த இரும்பு மறுபடி அதே வண்டியில், அதுவும் அவன் முகத்துக்கு எதிரே. அவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நாளை வரைக்கும் தாங்கமாட்டாள் என்று தெரிந்தது. வெல்டருக்கும் தெரிந்தது. நிலையத்திலிருந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனோம். அவர் பற்ற வைக்கும்வரை அம்மா அந்த இரும்பைத் துணியால் பிடித்துக்கொண்டே நின்றாள். வெளிச்சத்தைப் பார்க்காதே என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து அண்ணன் ஏறி உட்கார்ந்தான். "நீங்க மீன்பாடியில வாங்க" என்றான்.

"நகரு," என்றாள் அம்மா.

"இதுல ஒரு ஆள்தாம்மா உட்காரலாம்."

"நகருடா."

அப்பா ஓட்டிய காலத்தில்கூட அந்த வண்டியில் ஏறாதவள். வெல்டர் ரென்ச்சை எடுத்து மயில்தோகைச் சாய்மானத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். பின்சக்கரத்து மட்கார்டின் மேல் கோணிப்பையை மடித்துப் போட்டு அம்மாவை ஏற்றி உட்கார வைத்தோம். அண்ணன் நடக்கிற வேகத்தில் ரோட்டில் இறங்கினான். எதிரே லாரிகள் வந்தன. நானும் வெல்டரும் பின்னாலேயே மீன்பாடி வண்டியில் போனோம்.

"பிடிச்சுக்கம்மா! அவன் இடுப்பைப் பிடிச்சுக்கோ!" என்று நான் கத்தினேன்.

அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. சேறு காய்ந்த இரண்டு கைகளையும் அண்ணனின் தலைக்கு மேல் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு வந்து சேரும்வரை எடுக்கவில்லை.