ஆறாவது பை

கோவிந்தசாமி அண்ணன் போன செய்தி எனக்குக் குரலாகத்தான் வந்தது. எனக்கு எழுத்து அனுப்பிப் பயனில்லை என்று தெரிந்தவர்கள் பேசி அனுப்புவார்கள். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன் கடை முன் நின்றபோது அவர் மனைவி சரோஜா அக்காவின் குரல். "தம்பி, அண்ணன் போயிட்டாரு. காலையில டீ கேட்டாரு. போட்டுக் கொண்டாரதுக்குள்ள…" மீன்காரர் வெட்டிய மீனை நீட்டினார். வாங்காமலே நடந்துவிட்டேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நான் சொல்லச் சொல்ல, அண்ணனின் நினைவு மலருக்காக எங்கள் சங்கத்தில் இதை எழுதிக்கொள்கிறார்கள். ஒன்றையும் குறைக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

அண்ணனைத் தெரிந்த உங்களுக்கு அந்த விபத்தும் தெரியும். நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் அவர் ஃபோர்மேன், நான் பெயிண்டர். பெயிண்ட் அடிக்கும்முன், கேஸ் கசிந்தால் கத்தும் கருவிகளின் தலையில், பெயிண்ட் படாதபடி, பிளாஸ்டிக் பை கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். அன்று ஆறு கட்டினேன், ஐந்தைக் கழற்றினேன். பம்ப் அறை வாசலில் இருந்த ஆறாவது கருவி ஈரக்காற்று பட்டாலே கத்தும். கத்தினால் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் மேலே ஓட வேண்டும்.

"அது கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும் லா," என்றான் கூட வேலை செய்த முருகையன். சிரித்தோம். நானும் விட்டுவிட்டேன்.

மாலையில் அண்ணன் வேலை முடிந்ததற்கான தாளோடு வந்தார்.

"பையெல்லாம் கழட்டிட்டியா?"

"ஆச்சுண்ணே."

கையெழுத்துப் போட்டார். மறுநாள் மதியம் கிணற்றிலிருந்து கேஸ் ஏறிப் பம்ப் அறைக்குள் நிறைந்தது. ஆறாவது கத்தவில்லை. தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவன் முருகையன். அவன் பிழைக்கவில்லை.

விசாரணையில் அண்ணன், "கையெழுத்து என்னோடது," என்றார். என்னைக் கூப்பிட்டபோது அவரே குறுக்கிட்டார். "அவனுக்குப் படிக்கத் தெரியாது சார். தாள்ல இருக்கறது அவனுக்கு என்ன தெரியும்?" நானும் தலையாட்டினேன். அவர் வேலை போயிற்று. நான் அதே மேடைக்கு இன்னும் நான்கு வருஷம் போய்வந்தேன். படிக்கத் தெரியாதவனுக்குப் பையைக் கழற்றவுமா தெரியாது?

அண்ணன் பிறகு உட்லண்ட்ஸில் காவல் வேலை பார்த்தார். ஒருநாள் டீக்கடையில் கேட்டேவிட்டேன். "ஏண்ணே என்னைக் காப்பாத்துனீங்க?"

"உன்னை எங்கடா காப்பாத்துனேன்? அந்தப் பையை நானும் பாத்தேன். கன்ட்ரோல் ரூம்ல இருந்தவனும் பாத்தான். கத்தலைன்னு எல்லாருக்கும் நிம்மதி. முருகையனே அதுக்குக் கீழதானே நடந்து போனான்." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பாத்தவன் எல்லாம் கையெழுத்துப் போடணும்னா, தாள்ல இடம் பத்தாது."

அதற்குப் பிறகு அவர் யாருடைய 'ஆச்சு'வையும் ஏற்றுக்கொண்டதில்லை. கோயில் அன்னதானத்தில் கேஸ் அடுப்பு மூட்டும்போது போய் நிற்பார். "ஆச்சுன்னு சொல்லாத. காட்டு." பையன்கள், "இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு," என்று கேலி பேசுவார்கள். அவர் குனிந்து குழாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது என் பின்னால் ஒருவர் சொன்னார்: "நல்ல மனுசன்தான். அந்த ஒரு தடவை பாக்காம கையெழுத்துப் போட்டு ஒரு உயிரைப் போக விட்டுட்டாரு." சரோஜா அக்காவுக்கும் அது கேட்டது. குனிந்துகொண்டார். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து வாசலுக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

அக்கா, அவர் பார்க்காமல் போட்டவர் இல்லை. பார்த்தார். எங்களைப் போலவே பார்த்துவிட்டு நகர்ந்தார். பையைக் கட்டியவன் நான். கட்டிவிட்டு 'ஆச்சு' என்றவனும் நான். முருகையன் வீட்டாரும் இதைக் கேட்க வேண்டும்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது 'காட்டு' என்ற அந்த ஒரு சொல்லைத்தான். காட்டிவிட்டேன் அண்ணே. அந்தத் தாளில் படாத என் கட்டைவிரல் ரேகையை இதன் கீழே வைத்திருக்கிறேன்.