மீனாச்சி பீபியின் முதல் வாளி

ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் பூ வாங்கப் போன இடத்தில்தான் சேதி கிடைத்தது. "காஜா பெராங் தெரு மீனாச்சி பீபிக்குப் பெரிய மாலை கட்டச் சொல்லியிருக்காங்கம்மா," என்றார் பூக்காரர். "என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டேன். "சாவு மாலைம்மா," என்றார்.

பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகிய தமிழர்களைச் சிட்டிகள் என்போம். அவர்கள் வீடுகளில் அத்தை முறைக்குப் பீபி என்பார்கள். மீனாச்சி பீபிக்குத் தமிழ் வராது, மலாய்தான். ஆனாலும் எங்கள் தெருவில் அவர் திட்டாத தமிழர் கிடையாது. திட்டு வாங்கிய உங்களுக்கெல்லாம் தெரியும். குழாய்த் தண்ணீர் வந்த பிறகும், பொதுக் கிணற்றைத் தூர் வாரிச் செங்கல் கட்ட வேண்டும் என்று வீடு வீடாக ஏறிக் காசு கேட்டார். "குழாய் இருக்கும்போது கிணற்றுக்குச் செலவா, பைத்தியமா?" என்று சிரித்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். "குழாய் துரையுடையது, கிணறு நம்முடையது," என்றார் பீபி. கட்டியும் முடித்தார்.

ஜப்பான்காரன் வந்தான், துரைமார் ஓடினார்கள். பம்பு பழுதாகிக் குழாயில் காற்றுதான் வந்தது. என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். நான் நிறைமாதம். தெருவே அந்த ஒரு கிணற்றை நம்பிக் கிடந்தது. பீபிதான் முறை வைத்தார்: "முதல் வாளி, இறைக்க ஆள் இல்லாத வீட்டுக்கு." முணுமுணுத்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ராணுவ முகாமுக்குக் கிணற்றை எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்தது. முன்பு வாந்திபேதிக் காலத்தில் கிணறுகளில் போடக் கொடுத்திருந்த சிவப்பு மருந்து பீபியிடம் மிச்சம் இருந்தது. அதைக் கொட்டினார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அதிகாரி வந்ததும், "நோய்த் தண்ணீர், துவான்," என்றார், ஐயா என்கிற பணிவோடு. அவன் ஒரு வாளி இறைக்கச் சொல்லி அவர் முன்னால் வைத்தான். "மினும்!" குடி என்று மலாயில் உறுமினான்.

குடித்தால் நல்ல தண்ணீர் என்று தெரிந்துவிடும், கிணறு போய்விடும். மறுத்தால் வாள். பீபி வாளியைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "எங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை, துவான். நோய் வந்தாலும் இதைத்தான் குடிக்கிறோம். உங்கள் சிப்பாய்களுக்கும் வேண்டுமா?"

சிப்பாய்கள் பின்வாங்கினார்கள். அதிகாரி வாள்பிடியில் கை வைத்தபடி நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் வாளியை எட்டி உதைத்துவிட்டுப் போனான். அப்பாடா! நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பீபி உருண்ட வாளியை எடுத்து, நெளிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

வீட்டுக்காரர் சயாமிலிருந்து திரும்பவே இல்லை. மகள் பிறந்த அன்று காலை, என் வாசலில் அந்த வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. நிறம் தெளிந்திருந்தது. அதில்தான் அவளைக் குளிப்பாட்டினோம்.

உதைபட்டு நெளிந்த அந்த வாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று அதை எடுத்துக்கொண்டு போகிறோம். பீபிக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும், இறைக்க ஆள் இல்லாத வீடு. முதல் வாளியை என் மகள் இறைப்பாள்.