தகர மூடியில் வைத்த பூஜ்யம்

இந்தப் பதிவில் வருபவை:
1. ஏன் போனேன்
2. சிராங்கூன் சாலையிலிருந்து ஜூரோங் வரை
3. கருவி செய்த பிழை
4. தோ பாயோவில் ஒரு காலை
5. கருவியோடு பயணம் போகிறவர்களுக்கு

1984இல் சென்னைக் கம்பெனி என்னை ஆறு நாள் சிங்கப்பூருக்கு அனுப்பியது. ஓர் இரும்புத் தொட்டிக்கு அடித்த பெயின்ட் போதிய கனம் இருக்கிறதா என்று அளந்து கையெழுத்திட வேண்டும். அறை, சிராங்கூன் சாலையில். தொட்டி இருந்த ஜூரோங் பட்டறைக்கு இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். சில்லறை சரியாக வைத்துக்கொள்ளுங்கள், மீதி தரமாட்டார்கள்.

கருவியின் முனையில் ஒரு கம்பிச் சுருள். இரும்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அது காந்தத்தால் உணரும். அந்த இடைவெளிதான் பெயின்ட்டின் கனம். அளக்கும் முன் பெயின்ட் இல்லாத கனத்த இரும்பில் வைத்துப் பூஜ்யம் காட்டச் செய்ய வேண்டும். அதற்கான இரும்புத் துண்டைச் சனிக்கிழமை அறையிலேயே மறந்துவிட்டேன். திரும்பிப் போனால் மூன்று மணி நேரம் போய்விடும். மறந்துவிட்டேன் என்று சொல்லவும் கூச்சம். பட்டறை வாசல் காபிக்கடையில் பிஸ்கட் டின் மூடியை வாங்கி, அதில் பூஜ்யம் வைத்தேன்.

இருநூற்றைம்பது மைக்ரான் வேண்டிய இடத்தில் நூற்றுத் தொண்ணூறு காட்டியது.

பெயின்டர் ஆரோக்கியசாமி சிரித்தார். “நாலு கோட் அடிச்சிருக்கேன் லா. உங்க பெட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, சார்?”

“கருவி காட்டுறதைத்தானே நான் எழுத முடியும்?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “நாளைக்குச் சர்ச்சுல என் மகளுக்குப் புது நன்மை. நேத்து உங்களையும் கூப்பிட்டேனே, சார். திங்கக்கெழமை இன்னொரு கோட் அடிச்சுத் தர்றேன்.”

திங்கள் மாலை தொட்டி கப்பலேற வேண்டும். சூப்பர்வைசர் என் தாளைப் பார்த்தார். “நாளைக்கே அடிச்சிடு, சாமி.”

மாலை ஆறரைக்கு அறையில் இரும்புத் துண்டின் மேல் முனையை வைத்தேன். முள் பூஜ்யத்துக்கும் எழுபது மைக்ரான் கீழே இறங்கியது. மூடி மெல்லிய தகரம். சுருளுக்குப் போதிய இரும்பு கிடைக்கவில்லை. என் அளவுகள் எல்லாமே எழுபது குறைவு. அவர் அடித்தது போதும்.

காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

ஞாயிறு எட்டு மணிக்கு, அவர் எழுதித் தந்த தோ பாயோ முகவரிக்குப் போனேன். பஸ்ஸில் இருபது நிமிடம். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

“வாங்க சார். அவரு ஆறு மணிக்கே போயிட்டாரு. ஏதோ மிஷினு பத்தலைன்னு சொல்லிருச்சாம்.”

உள்ளே வெள்ளை கவுனில் சிறுமி, உட்கார்ந்தால் கசங்கும் என்று நின்றுகொண்டே இருந்தாள். பூசை பத்து மணிக்கு. டாக்சி பிடித்தால் அவரை அழைத்து வர நேரம் இருந்தது. “வாழ்த்துச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றேன். காபி கொடுத்தார். குடித்தேன்.

திங்கள் காலை சரியான பூஜ்யத்தோடு அளந்தேன். முந்நூற்றுக்கு மேல் காட்டியது. “இப்ப உங்க பெட்டிக்குத் திருப்தியா, சார்?” என்றார் ஆரோக்கியசாமி. கையெழுத்திட்டேன்.

யோசனை ஒன்றுதான். இப்போது கம்பியில்லாமலே கைபேசிக்கு அளவை அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் பூஜ்யம் வைத்தாக வேண்டும். இரும்புத் துண்டைக் கருவிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மேலே பட்டியலில் மூன்றாவது தலைப்பு தவறு. கருவி பிழை எதுவும் செய்யவில்லை.