நகரி பஸ்ஸில் பிடிபட்ட தப்பு

போன வருடம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்து, எங்கள் திருத்தணி கொஞ்சம் மூச்சு விட்ட சமயத்தில் நடந்தது இது. சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதுகிற செயலியை, மக்கள் கைக்குப் போவதற்கு முன் பயன்படுத்திப் பார்த்து, குறை இருந்தால் சொல்வது என் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்கிறேன்.

அப்போது ஒரு தனியார் மருத்துவமனைக்காக ஆம்புலன்ஸ் செயலி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தோம். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். நாம் இருக்கும் இடம் டிரைவருக்குப் போய்விடும், ‘ஆம்புலன்ஸ் வருகிறது’ என்று நம் திரையில் தெரியும். ஆந்திராப் பக்கம் நகரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு பஸ்ஸில் போகும்போது, கை சும்மா இருக்காமல் என் போனில் இருந்த சோதனைப் பதிப்பில் அதை அழுத்தினேன். ‘வருகிறது’ என்று காட்டியது. வீடு திரும்பி லேப்டாப்பில் பார்த்தால், அப்படி ஓர் அழைப்பு சர்வருக்கு வந்துசேரவே இல்லை!

வராத வண்டியை வருகிறது என்று நம்பி யாராவது நோயாளியுடன் வாசலில் காத்திருந்தால்?

அலுவலகக் குறைப் பட்டியலில் அதைப் பதிவு செய்தேன். அந்தப் பகுதியை எழுதிய புரோகிராமர், “என் போன்ல நல்லாத்தானே வேலை செய்யுது” என்று எழுதி அதை மூடிவிட்டார். நான் மறுபடி திறந்தேன். அவர் மறுபடி மூடினார். கொடுமை என்னவென்றால், எனக்கும் அது திரும்ப வரவில்லை. மாடியில், மார்க்கெட்டில், எங்கே அழுத்தினாலும் ஒழுங்காகவே போனது. வெளியிட வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. “ஒரே ஒரு தடவை வந்ததை வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றீங்களாம்மா?” என்று டீம் லீடர் கேட்டார். ஆனாலும் வெளியிடலாம் என்று ஒப்புதல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை அந்த புரோகிராமரிடமிருந்து போன். சண்டை போடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

“மேடம், திருத்தணி ஸ்டேஷன்ல நிக்கிறேன். நீங்க போன பஸ் எங்க கிடைக்கும்?”

அதுவரை அவரை நேரில் பார்த்ததே இல்லை. முதுகுப் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர், “எனக்கு வரலைங்கிறதால தப்பு இல்லைன்னு ஆயிடாதுல்ல? நீங்க இருந்த இடத்துல நான் இல்ல, அவ்வளவுதான்” என்றார்.

ஆளுக்கொரு போனில் அவ்வப்போது அழுத்திக்கொண்டே நகரிக்குப் போனோம். ஒன்றும் ஆகவில்லை. டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினோம். அப்போதும் இல்லை. இறங்காமல் மறுபடி டிக்கெட் கேட்டதும் கண்டக்டருக்குத் தாங்கவில்லை.

“இன்னா மேடம், காலைலேர்ந்து போய்க்கினும் வந்துகினும் கீறீங்க? எதனா தொலைச்சிட்டீங்களா?”

“ஆமாண்ணே, ஒரு தப்பைத் தொலைச்சிட்டோம். தேடிட்டு இருக்கோம்” என்றார் புரோகிராமர்.

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தப்பைப் போயி யாருங்க தேடுவாங்க? கெடச்சா எனக்கும் காட்டுங்க!”

எல்லையோரம் இருக்கும் பொன்பாடியைத் தாண்டியபோது என் போனில் தெலுங்கில் வரவேற்புச் செய்தி வந்து ‘டிங்’ என்றது. அன்றைக்கும் அழுத்திய கையோடு இதே சத்தம் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “தமிழ்நாட்டு டவர்லேர்ந்து ஆந்திரா டவருக்கு மாறுதுங்க. அந்த நேரத்துல அழுத்தணும்!” என்றேன்.

திரும்பும்போது எல்லை நெருங்கியதிலிருந்து இருவரும் விடாமல் அழுத்தினோம். அவர் திரையில் ‘ஆம்புலன்ஸ் வருகிறது’. சிக்னல் நிலைத்ததும் மடியிலிருந்த லேப்டாப்பைத் திறந்தார். சர்வரில் அந்த அழைப்பு இல்லை.

“மாட்டிக்கிச்சு!” என்று அவர் போட்ட சத்தத்தில் முன் சீட்டில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது. “ஆங், கெடச்சிடுச்சா?” என்று கண்டக்டரும் வந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே அவர் டீம் லீடரைக் கூப்பிட்டார். “சார், மேடம் சொன்னது சரி. நான் எழுதினதுலதான் தப்பு. அழைப்பு போய்ச் சேந்துச்சான்னு பாக்காமலே ‘வருது’ன்னு காட்டிடுது. இதைச் சரி பண்ணாம வெளிய விடக் கூடாது.” “ஆஸ்பத்திரில நான் பேசிக்கிறேன்” என்று மறுமுனையிலிருந்து பதில் வந்தது. புரோகிராமரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வெளியீடு தள்ளிப்போனது. மருத்துவமனைக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, முன்னாடியே சொன்னீர்களே என்று நன்றிதான் சொன்னார்கள். புரோகிராமர் திருத்தி அனுப்பியதும் நான் அதே பாதையில் போய்ப் பார்த்தேன். ‘அழைப்பு போகவில்லை, மீண்டும் அழுத்தவும்’ என்று திரை இந்த முறை உண்மையைச் சொன்னது. நிம்மதியாக ஒப்புதல் கொடுத்தேன்.

என் வேலையில் யாராவது குறை சொன்னால் இன்றும் முதலில் எனக்கு முகம் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் பதில் எழுத உட்காரும் முன், அவர்கள் நின்ற இடத்தில் நானும் ஒருமுறை நின்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிடுகிறது, அதனால் என் வேலை எனக்கு முன்னைவிடப் பிடித்தும் போயிருக்கிறது.