எட்டாவது டைலிலிருந்து தெரிய வேண்டிய டிவி

பிள்ளைகளா,

இதை வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் பேசுவீர்கள், அதில் பாதிகூட எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன். உங்கள் அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஐந்தாறு வருடமாகவே இப்படித்தான். உங்களில் பெரியவளுக்கு இது தெரியும். சின்னவனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியுமா என்பது எனக்கே தெரியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காது போனதில் மர்மம் ஒன்றும் கிடையாது. புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் தகடு வெட்டுகிற மிஷின் பக்கத்தில் இருபது வருடம் நின்றிருக்கிறேன். காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஸ்பாஞ்ச் அடைப்பான் கொடுப்பார்கள். அதை வைத்தால் ஃபோர்மேன் கூப்பிடுவது கேட்காது என்று நாங்கள் யாருமே வைப்பதில்லை. இப்போது எனக்கு வைக்காமலே கேட்பதில்லை. கொடுத்ததை வீணாக்கக் கூடாதே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு ஜோடி, ஆடிக்கொண்டிருந்த டிவி கேபினட்டின் காலுக்கு அடியில் போனது. மிச்சம் அந்தக் கேபினட் டிராயரிலேயே கிடந்தது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் காதில் மிஷின் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வீட்டில் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள், கத்த மட்டும் செய்தார்கள். பாசாரில் மீன்காரர்கூட விலையை அவரிடம் சொல்லாமல் அவர் மனைவியிடம் சொன்னார். எனக்கு அந்த நிலைமை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாம் நாலு பேரும் உட்கார்ந்து படம் பார்க்கிறோமே, அந்தச் சிரிப்பில் நானும் ஒருவனாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு முக்கியம்.

அதற்கு எனக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. தமிழ்ப் படம் ஓடும்போது திரைக்குக் கீழே மலாயில் எழுத்து ஓடும் இல்லையா, அதுதான். நீங்கள் படத்தைக் கேட்டீர்கள். நான் படத்தைப் படித்தேன். ஃபோம் த்ரீயோடு படிப்பை விட்டவன் நான். எழுத்துக்கூட்டிப் படித்தவன், இரண்டு வருடத்தில் வில்லன் பேசி முடிப்பதற்குள் படித்து முடிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஃபேக்டரியில் ஒருநாள் மிஷின் ஏன் நின்றுபோனது என்று ஃபோர்மேன் கேட்டார். “விதி நம்மைப் பிரித்துவிட்டது” என்று மலாயில் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. எழுத்து முதலில் வந்துவிடும், நடிகர் வாயைத் திறப்பது அதற்குப் பிறகுதான். அதனால் எல்லா நகைச்சுவைக்கும் நான் முன்னாடியே சிரித்துவிடுவேன். “அப்பா இந்தப் படத்த ஏற்கெனவே பாத்துட்டாரு, நமக்குத் தெரியாம” என்று சின்னவன் சொல்வான். நான் மறுத்ததே இல்லை. திருட்டுத்தனமாகப் படம் பார்க்கிற அப்பா என்ற பெயர், காது கேட்காத அப்பா என்பதைவிட நன்றாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பழைய பெட்டி டிவி செத்தது. படம் சுருங்கி நடுவில் ஒரு கோடாக நின்று, பிறகு அந்தக் கோடும் போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலமே நம் வீட்டில் கூட்டம் கூடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

“ஸ்மார்ட் டிவி வாங்குங்கப்பா. இப்ப யாரு வீட்ல லா பெட்டி டிவி இருக்கு?” இது சின்னவன்.

“அது ரொம்ப ஒல்லியாமே. சாமி படம், ஊதுவத்தித் தட்டு, ப்ரஷர் மாத்திரை, வீட்டுச் சாவி எல்லாம் இப்ப டிவி மேலதான் இருக்கு. அதுக்கு மேல எத வைக்கிறது?” இது அம்மா.

“எதையும் வைக்க முடியாதும்மா. அதுக்குப் பேருதான் ஃப்ளாட்.”

“அப்ப அது என்ன டிவி?”

எனக்கு வேண்டியதெல்லாம் என் நாற்காலியிலிருந்து பார்த்தால் திரைக்குக் கீழே ஓடுகிற எழுத்து தெரிவதுதான். டேப் எடுத்து அளந்தால் எதற்கென்று கேட்பீர்கள். நீங்கள் படுக்கப் போன பிறகு ஹாலில் டைல்களை எண்ணினேன். கேபினட்டிலிருந்து வாசல் கதவோரம் இருக்கும் என் நாற்காலிவரை எட்டு டைல். அந்த எட்டை மனதில் போட்டுப் பூட்டிவைத்துக்கொண்டு, சனிக்கிழமை எல்லோரையும் காரில் ஏற்றித் தஞ்சோங் கிளிங்கிலிருந்து தெங்கேராவில் இருக்கும் டிவி கடைக்குப் புறப்பட்டேன்.

அந்தக் கடைக்கார அம்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். நல்ல தமிழ், நல்ல குரல். எனக்கே பாதி கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே பச்சைக்கிளி.

“பாருங்கண்ணே, றெக்கைல ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுது.”

“கிளி வேண்டாம்மா. எழுத்து வர்ற மாதிரி ஏதாவது போடுங்க.”

“எழுத்தா?”

“தமிழ்ப் படம். கீழ மலாய் ஓடுமே, அது.”

அந்த அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நாற்பத்து மூன்று அங்குல டிவியில் டிகோடரை மாட்டிப் படம் போட்டார். கதாநாயகனும் கதாநாயகியும் மழையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டிவிக்கு முன்னால் நின்று, அதைப் பார்த்தபடியே பின்னால் நடக்க ஆரம்பித்தேன். ஒரு டைல், இரண்டு டைல்.

மூன்றாவது டைலில் அந்த அம்மா ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நான்காவதில் இன்னும் ஏதோ சொன்னார். எண்ணிக்கை தவறிவிடுமே என்று நான் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்தாவதில் முதுகில் ஒரு வாஷிங் மிஷின் இடித்தது. சுற்றிக்கொண்டு போனேன். ஆறாவதில் கரண்டில் சோறு வடிக்கிற சட்டிகளின் அடுக்கு. ஏழாவதில் வாசல். எட்டாவது டைல் கடைக்கு வெளியே, ஐந்தடி என்கிற நடைபாதையில், யாரோ நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். கதாநாயகி தெரிந்தாள். எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. நாற்பத்து மூன்றிலேயே தெரியவில்லை என்றால் நான் வாங்க வேண்டியது சினிமாக் கொட்டகையாக அல்லவா இருக்கும்?

தலையை ஆட்டி, “ஆகாது” என்றேன்.

கடைக்குள் நடந்தது எனக்குத் திரும்பும்போது காரில் உங்கள் அம்மா சொல்லித்தான் தெரியும். நான் பின்னால் போகப் போக, விலை பிடிக்காமல் போகிறேன் என்று கடைக்கார அம்மா நினைத்துவிட்டார். மூன்றாவது டைலில், “அண்ணே, அம்பது வெள்ளி குறைச்சுக்கலாம்.” நான் நான்காவதுக்குப் போனேன். “சரி, சுவர்ல மாட்டுற கம்பி ஃப்ரீ.” ஐந்தாவதுக்குப் போனேன். “அண்ணே, இன்னொரு அம்பது. நில்லுங்க லா!” ஆறாவதில் ஒரு மின்சாரக் கெண்டி சேர்ந்தது. நான் வெளியே ஐந்தடியில் நின்று ஆகாது என்றபோது கடைக்கார அம்மா உங்கள் அம்மாவிடம் திரும்பி, “அக்கா, முப்பத்திரண்டு இன்ச் விலைக்கே எடுத்துக்குங்க. அவர உள்ள கூப்பிடுங்க. என்ன இப்படிக் கல்லு மாதிரி ஆளு?” என்றாராம்.

உங்கள் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். கெட்டிக்காரி. இன்னும் குறையும் என்று நினைத்திருக்கிறாள்.

பெரியவளே, அப்போதுதான் நீ வெளியே வந்தாய். என்னைப் பார்த்தாய். கடைத் தரையைப் பார்த்தாய். திரும்ப என்னைப் பார்த்தாய்.

“அப்பா, டைல் எண்ணுறீங்களா?”

“இல்லியே.”

“இது ரெண்டடி டைல்ப்பா. நம்ம வீட்ல ஒரு அடிதான்.”

பள்ளிக்கூடத்தில் கணக்கில் முட்டை வாங்கியவன், நாற்பத்தெட்டு வயதில் மறுபடி ஒன்று வாங்கினேன். நீ என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், டிவிக்கு முன்னால் நான்காவது டைலில் நிறுத்தினாய்.

“இப்ப படிங்க” என்றாய்.

பாருங்கள் என்று நீ சொல்லவில்லை. நான் திரையைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்த்து, இத்தனை வருடம் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று மலாயில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்து விடாமல் தெரிந்தது. எனக்கு உன் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

“எடுத்துக்கலாம்மா” என்று கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

காரில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மடியில் கெண்டி. “வாயே தெறக்காம வெல பேசுறீங்களே, இந்த வித்தைய எங்க கத்துக்கிட்டீங்க? அடுத்த மாசம் தங்கக் கடைக்கும் நீங்கதான் வரணும்.” நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

பெரியவளே, வீட்டு வாசலில் டிவிப் பெட்டியை நாம் இரண்டு பேரும் தூக்கும்போது நீ என் முகத்துக்கு நேராக வந்து, மெதுவாகக் கேட்டாய்.

“ஃபேக்டரில காதுக்கு ஒன்னும் தர மாட்டாங்களாப்பா?”

“தர்றாங்க.”

“எங்க அது?”

“கேபினட் காலுக்கு அடியில.”

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. டிவி கேபினட்டின் மேல் நின்றது. சாமி படம் சுவருக்குப் போனது. மாத்திரையும் சாவியும் போக இடமில்லாமல் கெண்டிக்குள் போயின. இன்றுவரை அந்தக் கெண்டியில் யாரும் தண்ணீர் கொதிக்கவைத்ததில்லை. படம் ஆரம்பித்தது. நான் எட்டாவது டைலில் தயாராக உட்கார்ந்திருந்தேன். அப்போது சின்னவன் ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினான். கீழே எழுத்து மறைந்துவிட்டது.

“தமிழ்ப் படத்துக்கு எதுக்கு லா மலாய்? அவ்ளோ நல்ல படத்த மறைக்குது.”

நல்ல எண்ணத்தில்தான் செய்தான். எனக்கோ யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடித் தொட்டிக்குள் மீன் வாயை அசைக்கிற மாதிரி ஆட்கள் அசைந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். நான் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தேன். அடுத்ததற்கும் தாமதம். மூன்றாவதாக நான் சிரித்தபோது திரையில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“அப்பா! அவங்க அம்மா செத்துட்டாங்க!” என்றான் சின்னவன்.

பெரியவள் ரிமோட்டைப் பிடுங்கினாள். “எழுத்து இருக்கட்டும். எனக்கு மலாய் பரீட்ச வருது.”

“நீ காலேஜ்ல கணக்கு படிக்கிற. ஒனக்கு எதுக்கு மலாய் பரீட்ச?”

“ஒனக்கு என்னடா?”

அப்போது அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்: “போட்டு விடு அத. அப்பா மொதல்ல சிரிச்சாத்தான் அடுத்து தமாஷ் வருதுன்னு எனக்குத் தெரியும். இத்தன வருஷமா அப்படித்தானே பாக்குறேன்.”

எழுத்து திரும்ப வந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் வெங்காயமும் இருந்தது. அதனால்தான் அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் சேற்றில் விழப்போவது எழுத்தில் வந்தது. நான் சிரித்தேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை எனக்கு மத்தியான ஷிஃப்ட். நீங்கள் படிக்கப் போய்விட்டீர்கள், அம்மா பாசாருக்குப் போயிருந்தாள். டிவி வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி நாலாக மடித்தேன். கேபினட்டை ஒரு கையால் கொஞ்சம் தூக்கி, காலுக்கு அடியில் இருந்த ஆரஞ்சு அடைப்பான்களை உருவி எடுத்துவிட்டு, அட்டையைச் செருகினேன். அவை இரண்டும் காசு மாதிரி தட்டையாகியிருந்தன. ஆட்டிப் பார்த்தேன், கேபினட் ஆடவில்லை. பிறகு டிராயரைத் திறந்து புதிதாக ஒரு ஜோடியை எடுத்து ஃபேக்டரிச் சட்டைப் பையில் போட்டு, பட்டனையும் மாட்டினேன்.