அட்டைக்கு வயிறு நிறையும்

அன்னநடை, அன்னநடை என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறீர்களே, உங்களில் யாராவது அன்னத்தைக் கண்டதுண்டா?

இலங்கையில், அரநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாத்தியாராக இருந்த மூக்கையாவும் கண்டதில்லை. இருந்தும் ஆறு வருஷம் அதையே ஒப்பிக்க வைத்தார். இந்த 1927ஆம் வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள், மஹ்ரூப் முதலாளியின் கடைக்குச் சீனி மடிக்க வந்த பழைய காகிதக் கட்டில் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்வரை மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதில் ஒரு கதை. தேன்கூட்டுக்குக் காவல் என்று வந்த கரடி, தேனையெல்லாம் நக்கிவிட்டுத் தேனீக்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிறது. படித்துக் காட்டிவிட்டு, பள்ளிக்கூடத் தகரக் கொட்டகையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார் மூக்கையா.

"கரடி எதைப் போல இருக்கு? புத்தகத்துல தேடாதீங்க. கண்ணால பாத்ததைச் சொல்லுங்க."

"அட்டை மாதிரிங்க வாத்தியாரய்யா," என்றாள் பத்து வயதுச் சிட்டம்மா. "நமக்குத் தெரியாமலே ஏறி ரத்தம் குடிக்கும்."

"சபாஷ்! அப்படி வேற யாரு?"

"பெரிய கங்காணிங்க!"

கொட்டகையே சிரித்தது. சிட்டம்மாவின் தங்கை மட்டும் யோசித்துக் கேட்டாள்: "அப்ப அவருக்கும் சுண்ணாம்பு தடவுனா விழுந்துருவாரா?"

வாசலில், தோட்டத்துக் கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணியே நின்றிருந்தார். புல்லுவெட்டுக்கு நாலு பிள்ளைகளை இழுத்துப்போக வந்தவர்.

"பாடம் ஜோரா நடக்குதே வாத்தியாரே! நாளைக்குப் பெரட்டுக்கு வா. சனத்துக்கு முன்னால, சொல்லிக்குடுத்தது தப்புன்னு சொல்லு. இல்லாட்டி பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுதான்."

அன்று ராத்திரி மூக்கையா கணக்குப் போட்டுப் பார்த்தார். தப்பென்று சொன்னால் பள்ளிக்கூடம் பிழைக்கும். ஆனால், கண்டதைச் சொன்ன பிள்ளை இனி வாயைத் திறக்குமா?

விடிந்தது. வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் சனம் கூடைகளோடு நின்றது.

"நேத்து பாடத்துல தப்பு நடந்துபோச்சுங்க," என்றார் மூக்கையா. கங்காணி மீசையைத் தடவினார். "உவமைன்னா பொருந்தணும். அட்டை வயிறு நெறைஞ்சா தானா விழுந்துரும். இவரு விழமாட்டாரு."

"அடி ஆத்தி!" என்று ஒருத்தி கொழுந்துக் கூடைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

அன்று மத்தியானமே கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. வாத்தியாரைத் தோட்டத்தைவிட்டுத் துரத்தினார்கள். சிட்டம்மாவும் தங்கையும் புல்லுவெட்டுக்குப் போனார்கள். கைதட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு வாக்கியத்துக்கு நாற்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடம் விலையா என்று மூக்கையாவே இன்றும் குமைகிறார். 'எல்லாம் தலைவிதி' என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களை மட்டும் விரட்டி அடிக்கிறார். பூட்டியது விதியா, ஆளா?

இப்போது ஞாயிறுதோறும், சாமான் வாங்க வரும் தோட்டத்துப் பிள்ளைகளை மஹ்ரூப் கடையின் பின்புறத்தில் உட்காரவைத்துப் படிப்பிக்கிறார். இருப்பது அந்த ஒரே புத்தகம். பிள்ளைகளுக்கு அதுவும் மனப்பாடமாகிவிட்டது. அதுதான் அவருடைய பெரிய கவலை. உங்கள் பிள்ளை படித்து முடித்த கதைப் புத்தகம் அலமாரியில் கிடக்கிறதா? எடுங்கள். மூக்கையா வாத்தியார், மஹ்ரூப் கடை, அரநாயக்க என்று விலாசம் எழுதி, இந்த வாரத் தபாலிலேயே அனுப்பிவையுங்கள்.