நாலு வீட்டுக்காரன் வாடகை வீடு தேடியது

பிள்ளைகளே, கடற்கரைப் பக்கம் இருக்கிற நம்முடைய நாலு வீடுகளைப் பற்றி நீங்கள் வளர்ந்த பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆகவே நானே எழுதிவைக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாரில் லொறி ஓட்டிய காசில் அந்த வீடுகள் நிற்கிற வளவை, அந்த நிலத்தை, வாங்கினேன். உங்கள் ராத்தாவுக்கு, என் மூத்த மகளுக்கு, வீடு கட்டத்தான். நம் ஊரில் பெண்பிள்ளை பிறந்த அன்றே தகப்பன் மனதுக்குள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவான். கல்யாணத்தின்போது வீடு அவள் பெயரில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்துதான் குடியிருப்பார். வளவு வாங்கியதோடு என் கை காலியாகிவிட்டது. வங்கிக் கடன் எடுக்கச் சொன்னார்கள். வட்டி என்பதால் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

அந்த நேரம்தான் அரசாங்கத்தின் வாடகை வீட்டுத் திட்டம் வந்தது. நிலம் உள்ளவர் சிறு வீடுகள் கட்டி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால், கட்டும் செலவில் பாதியை அரசாங்கம் மானியமாகத் தரும். மற்றப் பாதிக்கு உங்கள் உம்மாவின் நகைகளை விற்றோம். ராத்தாவின் கல்யாணம் வருமுன் இரண்டு வீடுகளை ஒன்றாக இணைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மானியம் வாங்குவது மார்க்கத்தில் கூடுமா என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டேன்.

"வட்டி இல்லாட்டி என்ன, செய்ங்க" என்றார்.

ஒப்பந்தத்தையும் வாசித்துத்தான் ஒப்பமிட்டேன். பதினைந்து வருடத்துக்கு வீடுகளை விற்கவோ, வேறு பெயருக்கு மாற்றவோ, காரணமில்லாமல் வாடகைக்காரரை எழுப்பவோ கூடாது என்று தமிழில் தெளிவாக இருந்தது. மகளுக்கு வீடு எழுதுவதை நம் ஊரில் யாரும் பெயர் மாற்றுவதாக நினைப்பதில்லை. அது அவளுடையது, அவளிடம் போகிறது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

நாலு வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். முதல் வீட்டில் கடற்கரையில் கரைவலை இழுக்கிற மீனவர் ஒருவர், பெண்சாதியோடும் மூன்று பிள்ளைகளோடும். என்னைக் கண்டால் "மொதலாளி" என்பார், அரைவாசி மரியாதை, அரைவாசி பகிடி.

நாலாம் வருடம் ராத்தாவுக்குச் சம்பந்தம் வந்தது. நல்ல இடம், பள்ளிக்கூட ஆசிரியர். உங்கள் ராத்தாவுக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் உம்மா வளவைப் பார்க்க வந்து சுவரில் தட்டிப் பார்த்தா.

"நாலயும் ஒடச்சி ஒண்டாக்கினா மாளிகதான்" என்றா.

கரைவலைக்காரரின் பெண்சாதி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கையில் கத்தி அப்படியே நின்றது.

மறுநாள் வாடகை வீட்டுத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் காரைதீவுப் பக்கத்து இளம் பெண், அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி காக்கா என்று மரியாதையாகத்தான் கதைத்தா.

"மகள்ட பேருக்கு எழுதேலாது காக்கா. அதுவும் கைமாத்துறதுதான்."

"ஒரு ஊட்ட மட்டும்?"

"ஒண்டும் ஏலாது. எடுத்த மானியத்தை வட்டியோட திருப்பிக் கட்டினா விடுவிக்கலாம்."

வட்டிக்குப் பயந்து இத்தனை தூரம் சுற்றி வந்தேன். கடைசியில் அது அங்கேயும் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. திருப்பிக் கட்டப் பணம் வேண்டும் என்றாலும் வங்கியிடம்தான் போக வேண்டும், அங்கேயும் வட்டிதான்.

"அப்ப நாங்களாவது ஒண்டுல இரிக்கலாமா?"

"வீட்டுச் சொந்தக்காரரும் குடும்பமும் இருக்கேலாது. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குத்தானே கட்டினது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் உம்மா சோற்றுப்பானையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தா.

"ஹலாலா ஹராமா எண்டு கேட்டீங்க. புள்ளைக்குக் குடுக்கலாமா எண்டு கேட்டீங்களா?"

ராத்தா கதவு மறைவில் நின்று, "வாப்பா, சம்பந்தத்த உட்டுருவம். இன்னொண்டு வராமலா போகும்" என்றாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

உம்மா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டா. நாங்கள் இருக்கிற வீடு அவவுக்கு அவவின் வாப்பா கொடுத்தது. இரண்டு அறை. பக்கத்தில் தனியாகச் சமைக்க ஒரு குசினி போடவும் இடமில்லை, நம் ஊர் வளவுகள் உங்களுக்குத் தெரியும். அதை ராத்தாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாம் வெளியே போவது என்றா.

அந்த வாரம் கரைவலைக்காரர் கடைத்தெருவில் என்னை மறித்தார்.

"மொதலாளி, மூட்டையக் கட்டவா வேணாமா? ஒரு சொல்லு சொன்னாப் போதும்."

"நீங்க இரிங்க. ஒங்கள எழுப்ப எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப நாங்களும் மாப்புள மாதிரித்தான்!" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நான் வாடகைக்கு வீடு தேடுகிறேன் என்று சொன்னேன். பகிடி என்று நினைத்தார். பகிடி இல்லை என்று தெரிந்ததும் நெடுநேரம் தலையைச் சொறிந்தார்.

அவர்தான் வீடு பிடித்துத் தந்தார். மருதமுனையில் அவருக்குத் தெரிந்த ஒருவருடைய பின்வீடு. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு அவரிடமே கேட்டார்.

"ஆள் எப்பிடி?"

"நல்ல மனிசன் காக்கா. பொண்டாட்டி, ஒரு பொம்புளப்புள்ள, ஒரு பொடியன். சண்ட சச்சரவு ஒண்டும் இல்ல."

"வாடகை?"

"ஒழுங்காத் தருவாரு. நான் பொறுப்பு."

கரைவலைக்காரர் எனக்குத் தருகிற வாடகையைப் போல் இரண்டு மடங்கு அந்தப் பின்வீட்டுக்கு. அவருக்கும் அது தெரியும். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

"எவ்வளவு காலத்துக்கு இரிப்பீங்க?" என்று வீட்டுக்காரர் இப்போது என்னைக் கேட்டார்.

அப்போது உன்னைத்தான் நினைத்தேன், சின்ன மகளே. ஒப்பந்தம் முடியும்போது உனக்கு இருபத்தாறு வயதாகும். அதற்கு முன்பே உன்னையும் கேட்டு வருவார்கள். அவர்களும் வீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

"தெரியா காக்கா," என்றேன், "கொஞ்சம் கூடுதலான காலம்தான்."